மாதிரி ரயில் கண்காட்சி: கொடுக்கும் கட்டணத்துக்கு ஏற்ற பயன் உண்டா?

புதுடெல்லி: பொதுவாக 10 ரூபாய்க்கு ஒரு நடைமேடை சீட்டு வாங்கினால், இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளுடன் வந்து நிற்கும் மெய்யான ரயிலையே பக்கத்தில் நின்று பார்த்துவிடலாம். அப்படியிருக்க, சாணளவுப் பெட்டிகளுடன் மேசை மீது ஓடும் மாதிரி ரயிலைக் காண அருங்காட்சியகத்துக்குப் பணம் கொடுத்துச் செல்ல வேண்டுமா? கோடை விடுமுறையிலும் தொடர் விடுப்புகளிலும் டெல்லிக்கோ புனேவுக்கோ குடும்பத்துடன் செல்வோர் பலருக்கு எழும் கேள்வி இது.

சுருக்கமான பதில்: ரயில்கள் இயங்கும் நிலையில் இருந்து, அவற்றின் இயக்கத்தை யாரேனும் விளக்கி, பார்ப்பவருக்கும் பொறுமை இருந்தால், கட்டணம் வீண் அல்ல. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது பத்து நிமிட வேடிக்கையாக முடிந்துவிடும். நடைமேடையில் நிற்பவர் காண்பது ஒரு ரயிலை மட்டுமே. பல ரயில்கள் ஒரே தடத்தை எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றன என்பதை அங்கிருந்து காண இயலாது. மாதிரி அமைப்பு காட்டுவது இதைத்தான்.

எங்கே காணலாம்?

இந்தியாவில் இரண்டு இடங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். முதலாவது, டெல்லி சாணக்யபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம். 1971-இல் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி இதற்கு அடிக்கல் நாட்டினார். 1977 பிப்ரவரி 1-ஆம் தேதி இது திறக்கப்பட்டது. பத்து ஏக்கருக்கும் மேற்பட்ட வளாகத்தில் பழைய நீராவி என்ஜின்கள், மன்னர்கள் பயணம் செய்த தனிப் பெட்டிகள், பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயில் ஆகியவை நிற்கின்றன. மாதிரி ரயில் அமைப்பு உட்புறக் காட்சிக்கூடத்தின் ஒரு பகுதி. அதாவது, அது பெரிய விருந்தில் ஒரு பதார்த்தம்.

இரண்டாவது, புனே கோத்ருட் பகுதியில் உள்ள ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம். பி.எஸ். ஜோஷி என்ற ஆர்வலர் பல்லாண்டுகளாகச் சேர்த்தும் செய்தும் வைத்த மாதிரிகளைக் கொண்டு 1998 ஏப்ரல் 1-இல் இது தொடங்கப்பட்டது. இங்கு மாதிரிகளே முழு விருந்து. நீராவி என்ஜின் முதல் அதிவேக ரயில் வரை ஒரே சிறு நகரத்தைச் சுற்றி ஓடுகின்றன. சிக்னல்கள், மேம்பாலங்கள், சர்க்கஸ் கூடாரம், திறந்தவெளித் திரையரங்கு ஆகியவை அந்நகரில் உண்டு. விளக்குகளை அணைத்து நகரம் இரவுக்கு மாறுவதைக் காட்டும் ஒளி, ஒலிக் காட்சி இங்கு முக்கிய ஈர்ப்பு.

மைசூரு, ஹவுரா, சென்னை ஐ.சி.எஃப். ஆகிய இடங்களிலும் ரயில் அருங்காட்சியகங்கள் உள்ளன. அங்கு பழைய என்ஜின்களும் பெட்டிகளுமே முதன்மை. மாதிரி அமைப்பைக் காண்பதற்காகவே செல்வோர், அது இயங்கும் நிலையில் உள்ளதா என்பதை முன்கூட்டியே தனியாகக் கேட்டறிவது நல்லது.

செலவு என்பது எது?

நுழைவுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியான கணக்காகாது. டெல்லி அருங்காட்சியகத்தில் வார நாள்களுக்கும் வார இறுதிக்கும் கட்டணம் வேறுபடுகிறது. வளாகத்தைச் சுற்றிவரும் சிறு ரயிலுக்கும், என்ஜின் ஓட்டும் உணர்வைத் தரும் பாவனைக் கருவிக்கும் தனித்தனியே பணம் செலுத்த வேண்டும். எனவே வாயிலில் கொடுக்கும் தொகை முதல் தவணை மட்டுமே.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நுழைவுக்கு 300 ரூபாய், உள்ளே சிறு ரயிலுக்கு 150, பாவனைக் கருவிக்கு 400, போக்குவரத்துக்கு 500, உணவுக்கு 600 எனக் கொண்டால் மொத்தம் 1,950 ரூபாய். இதில் நுழைவுக் கட்டணம் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. மூன்று மணி நேரம் உள்ளே இருந்தால், ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு ஆகும் செலவு சுமார் 163 ரூபாய்.

மாதிரி ரயில்கள் மட்டுமே உள்ள சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் இதே குடும்பம் நுழைவுக்கு 400, போக்குவரத்துக்கு 300, சிற்றுண்டிக்கு 200 ரூபாய் செலவிட்டால் மொத்தம் 900 மட்டுமே. ஆனால் காட்சி முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மணிக்கணக்கில் பார்த்தால் ஒருவருக்கு 300 ரூபாய் ஆகிறது. மொத்தச் செலவு பாதிக்கும் குறைவு. மணிக்கணக்குச் செலவோ ஏறத்தாழ இரு மடங்கு. (இத்தொகைகள் அனைத்தும் கணக்கிடும் முறையை விளக்குவதற்கானவை, நடைமுறைக் கட்டணங்கள் அல்ல.)

இரண்டு கணக்கும் சரியே. நாள் முழுவதும் பிள்ளைகளை ஈடுபடுத்த ஓர் இடம் தேவை என்பவர் மணிக்கணக்கைப் பார்க்க வேண்டும். மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே உள்ளவர் மொத்தத் தொகையைப் பார்க்க வேண்டும். எந்தக் கணக்கு தமக்குப் பொருந்தும் என்பதை வாயிலுக்குச் செல்லும் முன்பே தெளிவுபடுத்திக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

ஒன்றுக்கு எண்பத்தேழு

மாதிரி ரயில்களில் உலகெங்கும் மிகப் பரவலாகப் பயன்படும் அளவு ஹெச்.ஓ. எனப்படுகிறது. மெய்யான பொருளின் நீளத்தை 87-ஆல் வகுத்தால் கிடைப்பது இந்த அளவு. இந்த ஒரு வகுத்தலைத் தெரிந்துகொண்டு பார்த்தால் காட்சியின் பொருள் மாறிவிடும்.

இந்திய ரயில்வேயின் எல்.ஹெச்.பி. பெட்டி ஒன்றின் நீளம் 23.54 மீட்டர். 87-ஆல் வகுத்தால் சுமார் 27 சென்டிமீட்டர், அதாவது ஒரு பள்ளி அளவுகோலைவிடச் சற்றே குறைவு. 22 பெட்டிகளும் என்ஜினும் சேர்ந்த விரைவு ரயில் ஏறத்தாழ 550 மீட்டர் நீளம் வரும். அதை அப்படியே மாதிரியாகச் செய்தால் ஆறு மீட்டருக்கும் அதிகம். அதனால்தான் கண்காட்சிகளில் ரயில்கள் பெரும்பாலும் நான்கைந்து பெட்டிகளுடன் ஓடுகின்றன. அது சிக்கனம் அல்ல, இடப் பற்றாக்குறை.

வளைவுகளிலும் இதே நிலை. இந்திய அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மாதிரியில் அது இரண்டு மீட்டர். அந்த ஆரத்தில் ரயில் அரைவட்டம் அடித்துத் திரும்ப நான்கு மீட்டர் அகலமுள்ள மேசை வேண்டும். கடைகளில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளங்களோ 36 சென்டிமீட்டர் ஆரத்திலேயே வளைந்துவிடுகின்றன. மெய்யான ரயில் ஒருபோதும் திரும்ப முடியாத வளைவில் மாதிரி ரயில் திரும்புகிறது என்பதைக் கவனிக்கலாம்.

தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. ஹெச்.ஓ. மாதிரியில் அது 16.5 மில்லிமீட்டர். இதை 87-ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர் வருகிறது. அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் பாதையின் அகலம். இந்திய அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். அதற்குச் சரியான மாதிரி 19 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக இருக்க வேண்டும். ஆகவே 16.5 மில்லிமீட்டர் பாதையில் இந்திய வண்ணம் பூசிய ரயில் ஓடினால், அது வெளிநாட்டுப் பாதையில் ஓடும் இந்திய ரயில் என்றே கொள்ள வேண்டும்.

வேகத்தையும் சோதிக்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் மாதிரியில் நொடிக்கு 32 சென்டிமீட்டர் மட்டுமே. பத்து மீட்டர் சுற்றுப் பாதையை ஒரு முறை சுற்றிவர அரை நிமிடம் ஆக வேண்டும். பத்து நொடியில் சுற்றிவந்தால், அந்த ரயில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கிறது என்று பொருள். பிள்ளைகளிடம் ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து இதைக் கணக்கிடச் சொன்னால், கட்டணத்தின் பாதி அங்கேயே மீண்டுவிடும்.

தடத்தில் ஒன்றுதான்

மாதிரி அமைப்பின் உண்மையான பாடம் சிக்னல்களில் உள்ளது. ரயில் பாதை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு துண்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில் மட்டுமே இருக்கலாம் என்பது ரயில் பாதுகாப்பின் அடிப்படை விதி. முன்னால் சென்ற ரயில் அத்துண்டை விட்டு வெளியேறும் வரை பின்னால் வருவது சிவப்பு விளக்கில் காத்திருக்கும்.

பாதையில் ரயில் இருப்பதைக் கருவி எவ்வாறு அறிகிறது? இரு தண்டவாளங்களிலும் குறைந்த அழுத்த மின்னோட்டம் செல்கிறது. ரயிலின் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுவதால் மின்னோட்டம் மறுமுனையை அடையாமல் நின்றுவிடுகிறது. உடனே சிக்னல் சிவப்பாகிறது. மாதிரி ரயிலும் இதே இரு தண்டவாளங்கள் வழியாகவே சுமார் 12 வோல்ட் மின்சாரத்தைப் பெற்று ஓடுகிறது. பழைய வகை அமைப்புகளில் ஒரு துண்டில் மின்சாரத்தை நிறுத்தினால் அங்குள்ள ரயில் மட்டும் நிற்கும். மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட புதிய அமைப்புகளில் ஒவ்வொரு என்ஜினுக்கும் தனி எண் உண்டு. ஒரே தடத்தில் உள்ள இரு என்ஜின்களைத் தனித்தனி வேகத்தில் இயக்கலாம்.

மஞ்சள் விளக்குகளின் பொருளும் இங்கே விளங்கும். நான்கு நிலை சிக்னல் உள்ள பாதையில் பச்சை என்றால் தடையின்றிச் செல்லலாம். இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலைக் கட்டுப்பாட்டுடன் கடக்க வேண்டும். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்க ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் நிற்க வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் பிரேக் போட்டவுடன் நிற்பதில்லை. ஒரு கிலோமீட்டர் தொலைவு வரைகூட அதற்குத் தேவைப்படலாம். மாதிரி அளவில் அது 11 மீட்டருக்கும் அதிகம், பல காட்சிக் கூடங்களைவிட நீளமான தொலைவு. சிவப்புக்கு முன்பே இரு எச்சரிக்கைகள் தேவைப்படுவது இதனால்தான்.

இவற்றைப் பொழுதுபோக்கு விவரங்கள் என்று ஒதுக்கிவிட இயலாது. 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பஹாநாகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயில், லூப் தடத்தில் நின்ற சரக்கு ரயில் மீது மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதன்மைத் தடத்தில் செல்ல சிக்னல் கிடைத்திருந்தும், ரயிலைத் திருப்பும் பாயிண்ட் லூப் தடத்தை நோக்கி இருந்ததே அதற்குக் காரணம். சிக்னல் மின்சுற்றில் நடந்த பணிகளின் பிழைகளை ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுட்டிக்காட்டியது.

அந்நாள்களில் லூப் தடம், பாயிண்ட், இன்டர்லாக்கிங் ஆகிய சொற்கள் செய்திகளில் நாள்தோறும் வந்தன. அவற்றின் பொருளைச் சொற்களால் விளக்குவது கடினம். மாதிரி அமைப்பின் முன் நின்றால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். பாயிண்ட் என்பது தண்டவாளத்தின் கூர்முனை சில அங்குலம் நகர்ந்து ரயிலை வேறு தடத்துக்கு அனுப்பும் இடம். லூப் தடம் என்பது நிலையத்தில் முதன்மைத் தடத்திலிருந்து பிரிந்து மீண்டும் அதிலேயே சேரும் பக்கத் தடம். பாயிண்ட் சரியான பக்கம் திரும்பிப் பூட்டப்படும் வரை பச்சை விளக்கு எரியவே கூடாது என்று தடுக்கும் ஏற்பாடே இன்டர்லாக்கிங்.

ரயில்வேயின் பயிற்சி நிலையங்களும் இந்த வழியையே பின்பற்றுகின்றன. உதய்பூரில் உள்ள மண்டலப் பயிற்சி நிலையம் போன்றவற்றில், நிலைய மேலாளர்களாகப் பணியேற்போர் மாதிரி ரயில் அறையில் பழகிய பின்னரே மெய்யான ரயில்களைக் கையாளச் செல்கின்றனர். அவர்களுக்கு அது விளையாட்டுப் பொருள் அல்ல, பாடநூல்.

மாதிரி காட்டாதது என்ன?

மாதிரி ரயிலால் காட்டவே முடியாத ஒன்று உண்டு. அது எடை. நீளம் 87 மடங்கு குறையும்போது, அகலமும் உயரமும் அவ்வாறே குறைவதால் பருமன் ஏறத்தாழ 6,58,500 மடங்கு குறைகிறது. விரைவு ரயில்களை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார என்ஜினின் எடை 123 டன். இதே விகிதத்தில் குறைத்தால் மாதிரியின் எடை 190 கிராமுக்கும் குறைவு. ஒரு பெரிய ஆப்பிள் பழத்தின் எடைதான். அதனால்தான் மாதிரி ரயில் தொட்டதும் நிற்கிறது. தடம் புரண்டால் விரலால் எடுத்து வைத்துவிடலாம்.

மெய்யான என்ஜினின் பக்கத்தில் நின்று, ஆள் உயரச் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கும்போதுதான் எடை என்பது உறைக்கும். இங்குதான் டெல்லி அருங்காட்சியகத்துக்குத் தனிச் சிறப்பு. உள்ளே மாதிரியில் ஒழுங்கமைப்பையும், வெளியே முற்றத்தில் எடையையும் ஒரே நுழைவுச் சீட்டில் காணலாம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கே முழுப் பயன். முற்றத்தில் படமெடுத்துக்கொண்டு காட்சிக்கூடத்தைத் தவிர்ப்பவரும், குளிர்சாதன அறையிலேயே இருந்துவிட்டு வெயிலுக்கு அஞ்சித் திரும்புபவரும் பாதிக் காட்சியோடுதான் வீடு திரும்புகின்றனர்.

நின்றுபோகும் ரயில்கள்

மாதிரி ரயில் கண்காட்சிகளில் பார்வையாளருக்கு நேரக்கூடிய பெரிய ஏமாற்றம், ரயில் ஓடாமல் நிற்பது. இதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு. சக்கரமும் தண்டவாளமும் தொடும் சிறு புள்ளி வழியாகவே மின்சாரம் செல்கிறது. அங்கு தூசி படிந்தால் என்ஜின் தயங்கும், பின்னர் நின்றுவிடும். எனவே தண்டவாளங்களை இடைவிடாமல் துடைக்க வேண்டும். சிறு மோட்டார்கள் நாள் முழுவதும் ஓடினால் விரைவில் தேயும். இதனால் சில இடங்களில் பொத்தானை அழுத்தினால் மட்டும் சிறிது நேரம் ஓடுமாறும், வேறு சில இடங்களில் குறித்த நேரக் காட்சிகளில் மட்டும் ஓடுமாறும் அமைக்கின்றனர்.

இந்தப் பராமரிப்புக்கு ஆளும் பணமும் தேவை. அரசு அருங்காட்சியகத்துக்கு ரயில்வேயின் துணை உண்டு. தனியார் ஆர்வலர்கள் நடத்தும் இடத்தில் வாயிலில் கிடைக்கும் கட்டணமே பெரும் ஆதாரம். அங்கு சீட்டு சற்று விலை கூடுதலாகத் தோன்றினால், ஓடும் ஒவ்வொரு ரயிலுக்கும் பின்னால் ஒருவர் துணியும் திருப்புளியுமாக நின்றிருப்பதை நினைவில் கொள்ளலாம். அதே வேளையில், கட்டணம் வாங்கிக்கொண்டு நின்றுபோன ரயில்களைக் காட்டும் இடத்தில், அடுத்த காட்சி எப்போது என்று கேட்கவும், இயங்கும் வரை காத்திருக்கவும் பார்வையாளருக்கு முழு உரிமை உண்டு.

யாருக்கு ஏற்றது?

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ரயில் ஓடுவதே போதும். அவர்களுக்காக மட்டும் தொலைவிலிருந்து செல்வது வீண் செலவு; அருகில் உள்ள ரயில் நிலையமே அவர்களுக்கு நல்ல கண்காட்சி. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் கேள்வி கேட்கும் பருவத்தினர். அதிகப் பயன் பெறுவோர் இவர்களே. மேசையின் உயரம் சிறுவர்களின் கண்மட்டத்துக்கு மேல் இருந்தால், பெரியவர்கள் தூக்கிக் காட்ட நேரிடும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும்.

முதியோருக்கு வேறொரு காரணம் உண்டு. நீராவி என்ஜின் பூட்டிய வண்டியில் பயணம் செய்த தலைமுறையினர் அவர்கள். கை சிக்னல்களையும் நிலையத்து மணியையும் நினைவுகூர்ந்து பேரப் பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்வதை எந்த விளக்கப் பலகையும் ஈடுசெய்யாது. ரயில்களில் சிறிதும் ஆர்வமில்லாத பெரியவர்களைக் கட்டாயப்படுத்தி அழைத்துச் செல்வதில் பயனில்லை. அவர்களது நுழைவுச் சீட்டுதான் உண்மையில் வீணாகும் பணம்.

புறப்படும் முன் கேட்க வேண்டியவை

முதலாவதாக, அன்று அருங்காட்சியகம் திறந்திருக்குமா என்பதை உறுதிசெய்ய வேண்டும். டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. இரண்டாவதாக, மாதிரி ரயில்கள் இயங்கும் நேரத்தையும், ஒளி, ஒலிக் காட்சி உண்டெனில் அதன் நேரத்தையும் கேட்டறிய வேண்டும். மூன்றாவதாக, எவையெவை நுழைவுச் சீட்டில் அடங்கும், எவற்றுக்குத் தனிக் கட்டணம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான்காவதாக, விளக்கம் தர ஆள் உண்டா, அது எந்த மொழியில் என்று விசாரிக்கலாம். ஐந்தாவதாக, வார நாளில் செல்ல முடியுமா என்று பார்க்க வேண்டும். கூட்டம் குறைந்த நேரத்தில் ஊழியரிடம் கேள்வி கேட்க முடிவதே பெரிய ஆதாயம்.

டெல்லிக்கு ஏற்கெனவே செல்லும் குடும்பத்துக்கு அரை நாளை ஒதுக்கி இந்த அருங்காட்சியகத்தைப் பார்ப்பது தயக்கமின்றிப் பரிந்துரைக்கத்தக்கது. புனேயில் இருப்போருக்கும் அவ்வழியே செல்வோருக்கும் ஒரு மாலைப் பொழுதுக்கு ஜோஷி அருங்காட்சியகம் ஏற்றது. மாதிரி ரயிலைக் காண்பதற்காகவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்வது ஆர்வலர்களுக்கு மட்டுமே பொருந்தும். எங்கு சென்றாலும், ஓடும் ரயிலைப் பின்தொடர்வதை விட்டு ஒரு சிக்னல் கம்பத்தைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடம் அதை மட்டும் கவனித்தால், விளக்கு ஏன் மாறியது என்ற கேள்விக்குப் பிள்ளைகளே விடை கண்டுவிடுவார்கள்.